1870-இலேயே சட்டம் வந்துவிட்டது, அப்புறம் 1965 எதற்கு?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு எந்த ஆண்டு வாக்குரிமை கிடைத்தது என்று தேடிப் பாருங்கள். சிலர் 1870 என்பார்கள், சிலர் 1965 என்பார்கள். இரண்டுமே சரிதான். நடுவில் 95 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த 95 ஆண்டு எப்படி முடிவுக்கு வந்தது என்று கேட்டால், வழக்கமாக ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: மார்ட்டின் லூதர் கிங் ஊர்வலம் போனார், போலீஸ் அடித்தது, நாடே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது, அதிபர் ஜான்சன் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது கடைசிச் சில மாதங்களின் கதை. அதற்கு முன்னால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சமையலறைகளிலும் தேவாலயங்களிலும் ஒரு கடையின் பின்னறையிலும் நடந்த வேலை இந்தக் கதையில் வருவதே இல்லை. ‘அடித்தட்டு மக்களை அமைப்பாக்கினார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அந்த வரிக்கு என்ன பொருள், அந்த வேலை நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பத்திரம் ஒருவர் பெயரில், சாவி இன்னொருவர் கையில்

ஒரு வீட்டின் பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது, ஆனால் பூட்டின் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீடு உங்களுடையது என்பதை அவர் மறுப்பதே இல்லை. ‘தாராளமாக வாருங்கள், ஆனால் நான் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள்’ என்கிறார். கேள்வியும் அவருடையது, விடை சரியா தவறா என்ற தீர்ப்பும் அவருடையது. பத்திரத்தை வைத்துக்கொண்டு வாசலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம்.

1870-இல் வந்த 15-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்தான் அந்தப் பத்திரம். இனத்தைக் காரணம் காட்டி யாருக்கும் வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அது சொன்னது. எங்கே பதிவு செய்வது, எந்த நாளில், யார் முன்னிலையில், என்ன தகுதியோடு என்பதையெல்லாம் பெரும்பாலும் மாநிலங்கள் கையிலேயே விட்டுவிட்டது. சாவி அங்கேதான் போனது.

இங்கே ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வாக்காளர் பதிவு என்பது தேர்தலுக்கு முன்பே ஒருவர் தன் பெயரைப் பட்டியலில் ஏற்றிக்கொள்வது. அன்றைய அமெரிக்கத் தென்மாநிலங்களில் அதற்காக நீங்களே கவுண்டியின், அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியின், நீதிமன்றக் கட்டடத்துக்குப் போய்ப் பதிவாளர் முன்னால் நிற்க வேண்டும். பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் வாக்கு இல்லை.

1890-இல் மிசிசிப்பி புதிய மாநில அரசியல் சட்டம் ஒன்றை எழுதிக்கொண்டது. வாக்களிக்க விரும்புகிறவர் ஆண்டுக்கு 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும். மாநிலச் சட்டத்தின் ஏதாவது ஒரு பிரிவைப் படிக்கவோ, படித்துக் காட்டினால் புரிந்துகொள்ளவோ வேண்டும். இதற்கு எழுத்தறிவுத் தேர்வு என்று பெயர். மற்றத் தென்மாநிலங்களும் இதே வழியில் போயின. ‘கறுப்பர்’ என்ற சொல் இந்த விதிகளில் எங்குமே கிடையாது. விளைவில் மட்டும் இருந்தது. லூசியானாவில் 1896-இல் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-இல் 1,342 பேர்.

பூட்டு போகப் போக நுணுக்கமாகிக்கொண்டே வந்தது. 1950-களின் நடுவிலிருந்து மிசிசிப்பியில் சட்டப் பிரிவைப் படித்தால் மட்டும் போதாது, விளக்கமும் எழுத வேண்டும் என்றார்கள். அந்தச் சட்டத்தில் 280-க்கும் மேற்பட்ட பிரிவுகள் உண்டு. எந்தப் பிரிவைக் கொடுப்பது என்பது பதிவாளர் விருப்பம், விளக்கம் திருப்தியா இல்லையா என்பதும் பதிவாளர் விருப்பம். 1962-இல் இன்னொரு விதி வந்தது: பதிவுக்கு விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு ஏதோ வெளிப்படையான நிர்வாகம் போலத் தெரியும். யாரை வேலையை விட்டு நீக்குவது, யாருடைய கடனைத் திருப்பிக் கேட்பது என்று முதலாளிகளுக்கும் வங்கிக்கும் போகும் பட்டியல் அது.

இதுவரை பார்த்தது: உரிமை நாட்டின் சட்டத்தில் இருந்தது, அதைப் பயன்படுத்தும் வழி உள்ளூர் அதிகாரியின் கையில் இருந்தது. ஆகவே பூட்டைத் திறக்கும் வேலையும் உள்ளூரில்தான் தொடங்க வேண்டியிருந்தது.

திரட்டுவது வேறு, அமைப்பாக்குவது வேறு

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறான புரிதல் வருகிறது.

திரட்டுதல் என்றால், ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவர்களை ஒரு நாளில் ஓர் இடத்துக்கு வரவழைப்பது. பேரணி, பொதுக்கூட்டம் எல்லாம் இதில் சேரும். அமைப்பாக்குதல் என்றால், இன்னும் எந்தப் பக்கமும் வராதவர்களிடம், அவர்கள் நம்பும் ஆட்கள் மூலமாகப் போய், சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்க வைத்து, அந்தச் சேர்க்கை கலையாமல் பார்த்துக்கொள்வது. முன்னதற்கு நல்ல பேச்சாளர் வேண்டும். பின்னதற்குப் பொறுமையாகக் கேட்கத் தெரிந்தவர் வேண்டும், அது இன்னும் அரிது.

எல்லா பேக்கர் இதை மற்றவர்களைவிடத் தெளிவாகப் பார்த்தவர். கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்திலும், பிறகு கிங் தலைமை தாங்கிய தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாட்டிலும் வேலை பார்த்தவர். ஒரு பெரிய தலைவரைச் சுற்றி இயக்கம் கட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. 1960 ஏப்ரலில் வட கரோலினாவின் ஷா பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் கூட்டி, அவர்கள் தங்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கத் துணை நின்றார். வன்முறையற்ற மாணவர் ஒருங்கிணைப்புக் குழு என்ற அந்த அமைப்பை இனி மாணவர் குழு என்றே சொல்கிறேன். ஊருக்குள் போ, அங்கே ஏற்கெனவே மதிப்புள்ளவர் யார் என்று கண்டுபிடி, அவரிடம் கேட்டு வேலை செய் என்ற பழக்கம் அந்தக் குழுவுக்கு அவரிடமிருந்து வந்ததுதான். வெளியூர்க்காரர் கிளம்பிப் போன பிறகும் வேலை நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் அது அமைப்பு.

கட்சிப் பிரசாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்வோரும் உண்டு. கட்சிக்காரர் தன் வேட்பாளர் ஜெயிக்க வேண்டும் என்று வருகிறார். பட்டியலிலேயே பெயர் இல்லாதவர் வீட்டுக்குப் போவது அவருக்கு நேர விரயம். அமைப்பாளரோ அந்த வீட்டுக்குத்தான் முதலில் போவார்.

கடையின் பின்னறையில் ஒரு பள்ளி

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு அருகே ஜான்ஸ் தீவு இருக்கிறது. அங்கே ஈசா ஜென்கின்ஸ் என்பவர் சொந்தப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் தீவு மக்களை நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போவார். பதிவுத் தேர்வில் கேட்கும் சட்டப் பகுதியை ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பேருந்தில் வந்த ஆலிஸ் வைன் என்ற பெண்மணிக்கு அது போதவில்லை. மனப்பாடம் வேண்டாம், எனக்குப் படிக்கவே கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்த அந்தப் பக்கத்தில் முன்பே முயற்சி நடந்து தோற்றிருந்தது. காரணம் சின்னதுதான். பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் உட்காரும் பெஞ்சில் வளர்ந்தவர்களை உட்காரவைத்துக் குழந்தைகளின் பாடப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். முழங்காலை மடக்கிக்கொண்டு அந்தப் பெஞ்சுக்குள் நுழைந்து உட்காரும் பெரியவர்களைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் வகுப்பு காலியானது. ‘அவர்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று முடிவு கட்ட இது போதும். அப்படித்தான் கட்டவும் செய்தார்கள்.

செப்டிமா கிளார்க் அப்படி நினைக்கவில்லை. அவர் பல ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை. கறுப்பின முன்னேற்றச் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததற்காக 1956-இல் வேலையை இழந்தவர். அதன்பின் டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் நடத்திவந்த ஹைலாண்டர் என்ற பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். ஹைலாண்டர் கொடுத்த வட்டியில்லாக் கடனில் தீவு மக்கள் ஒரு பழைய கட்டடத்தை வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவுக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கடை மட்டும்தான் தெரியும். கடன் கடை வருமானத்தில் அடைந்தது.

யார் சொல்லிக்கொடுப்பது என்பதில்தான் அவர்கள் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. பயிற்சி பெற்ற ஆசிரியரை வேண்டாம் என்றார்கள். பெர்னிஸ் ராபின்சன் என்ற சிகையலங்காரக் கலைஞரைப் பிடித்தார்கள், அவர் கிளார்க்கின் உறவினர். அவருடைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் கறுப்பினப் பெண்கள், அதனால் அவரை வேலையை விட்டு நீக்க எந்த வெள்ளை முதலாளியாலும் முடியாது. தவிர, நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்பதே அவருடைய தொழில்.

1957 ஜனவரி 7 அன்று 14 பேரோடு முதல் வகுப்பு தொடங்கியது. நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்றுக்கொள்வோம் என்று சொல்லித்தான் ராபின்சன் ஆரம்பித்தார். கையில் கொண்டுபோன சிறுவர் பாடங்களைக் கீழே வைத்துவிட்டு, என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர்களையே கேட்டார். பெயரை எழுத வேண்டும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைத் தாங்களே படிக்க வேண்டும், மணியார்டர் படிவத்தை நிரப்ப வேண்டும், அஞ்சல் வழியாகச் சாமான் வாங்கும் படிவத்தை நிரப்ப வேண்டும் என்றார்கள். அவையே பாடமாயின. அவற்றோடு சேர்ந்து வாக்காளர் பதிவுப் படிவமும் வந்தது. பயிர் வேலை இல்லாத குளிர் மாதங்களில், வாரத்தில் இரண்டு மாலை. முதிய பெண் ஒருவர் கரும்பலகையில் தன் பெயரை அடையாளம் கண்டு சுட்டிக்காட்டியதை ராபின்சன் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

குடியுரிமைப் பள்ளி என்று இதற்குப் பெயர் வந்தது. பக்கத்துத் தீவுகள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டன. 1961-இல் இந்தத் திட்டம் கிங்கின் அமைப்புக்கு மாறியது. கிளார்க், டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் ஆகியோர் ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் தென்மாநிலங்கள் எங்குமிருந்து வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சில நாள் பயிற்சி முடித்தவர்கள் ஊருக்குத் திரும்பித் தாங்களே வகுப்பு நடத்தினார்கள். கிங்கின் பேச்சுகளை உலகம் முழுக்கத் தெரியும். இந்த வகுப்புகளைத் தெரிந்தவர்கள் குறைவு. எனக்கென்னவோ அந்த இயக்கத்தின் கனமான பகுதி இதுதான் என்று படுகிறது.

அமைப்பாக்கும் வேலையின் முதல் பாதி ஏறக்குறைய முழுவதும் ஜான்ஸ் தீவிலேயே இருக்கிறது. ஊரில் நம்பிக்கைக்குரியவர் யார் என்று பார்த்தார்கள், மக்கள் எதைத் தேவை என்றார்களோ அதிலிருந்து தொடங்கினார்கள், வாக்கு அதன் கூடவே வந்தது. கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்ததால் அது பரவியது.

பயத்தை எப்படிப் பங்கு போட்டார்கள்

இரண்டாம் பாதி கடினமானது. படிக்கத் தெரிந்துவிட்டாலும் பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போகப் பயம் இருக்கும். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருந்தது. 1961 செப்டம்பரில் மிசிசிப்பியில் பதிவு வேலைக்குத் துணைநின்ற ஹெர்பர்ட் லீ என்ற விவசாயியைச் சுட்டுக் கொன்றவர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். அவர் மீது வழக்குகூட நடக்கவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பதிவு வேலை, உணவகங்களில் அமர்ந்து செய்யும் மறியலைப்போல ஆரவாரம் இல்லாதது, பாதுகாப்பானது என்று வாஷிங்டனில் கென்னடி அரசு நினைத்தது. அதனால் அதற்கு ஆதரவும் காட்டியது. மிசிசிப்பி ஆதிக்கக்காரர்கள் அப்படி நினைக்கவில்லை. உணவகத்தில் அருகருகே உட்கார்ந்தால் சாப்பாடு மட்டும்தான் பொதுவாகும், வாக்கு கிடைத்தால் கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரிஃபின் பதவியே கைமாறும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1962 ஆகஸ்டில் ரூல்வில் என்ற சிற்றூரின் தேவாலயத்தில் மாணவர் குழு ஒரு கூட்டம் நடத்தியது. பருத்திப் பண்ணையில் வேலை செய்த 44 வயது ஃபேனி லூ ஹேமர் அதற்குப் போனார். கறுப்பர்களுக்கு வாக்களிக்கும் உரிமை உண்டு என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். 1870-இல் எழுதிய பத்திரம் அவர் காதுக்கு வந்துசேர 92 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆகஸ்ட் 31 அன்று அவரும் மற்றவர்களுமாக 18 பேர் ஒரு பழைய மஞ்சள் பேருந்தில் 26 மைல் தள்ளியிருந்த இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு நேரத்தில் இருவரைத்தான் உள்ளே விட்டார்கள். ஹேமரிடம் மாநிலச் சட்டத்தில் ‘டி ஃபேக்டோ’, அதாவது நடைமுறையில் மட்டும் இருக்கும், சட்டங்களைப் பற்றிய ஒரு பிரிவைக் கொடுத்து விளக்கச் சொன்னார்கள். தோற்றார். திரும்பும் வழியில் போலீஸ் பேருந்தை மறித்தது. பேருந்து தவறான நிறத்தில் இருக்கிறதாம், பள்ளிப் பேருந்து மாதிரி மஞ்சளாக இருக்கிறதாம், ஓட்டுநருக்கு அபராதம். உள்ளே இருந்தவர்கள் கையிலிருந்த காசைப் போட்டுச் சேர்த்துக் கட்டினார்கள். பயந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள் நடுவே ஹேமர் பாட ஆரம்பித்தார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அன்று மாலையே பண்ணை முதலாளி வந்தார். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். நான் உங்களுக்காகப் பதிவு செய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்று ஹேமர் பதில் சொன்னார். 18 ஆண்டுகளாக இருந்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார்.

அமைப்பு என்ற ஒன்று எதற்கு என்பது இங்கேதான் விளங்கும். தனியாகப் போயிருந்தால் கதை அந்த இரவோடு முடிந்திருக்கும். தங்க இடம் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், அடுத்த தேர்வுக்குத் தயார்செய்ய ஆட்கள் இருந்தார்கள், கூட வர ஆட்கள் இருந்தார்கள். மறுபடி எழுதி 1963 ஜனவரியில் தேர்ச்சி பெற்றார். பிறகு வாக்களிக்கப் போனால் தலைவரி ரசீது எங்கே என்றார்கள்! அதே ஆண்டு ஜூன் மாதம், குடியுரிமைப் பள்ளிப் பயிற்சிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வினோனா என்ற ஊரில் கைதாகி, சிறையில் கடுமையாக அடிபட்டார்.

சில சமயம் ஊர் மொத்தத்துக்கும் தண்டனை விழுந்தது. மிசிசிப்பியின் லெஃப்லோர் கவுண்டியில் 1962 குளிர்காலத்துக்கு முன்பு, ஏழைகளுக்கு மத்திய அரசு அனுப்பும் உபரி உணவுப்பொருள் வழங்கலைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்தியது. சுமார் 22,000 பேர் அதை நம்பியிருந்தார்கள். மாணவர் குழு வெளிமாநிலங்களிலிருந்து உணவும் துணியும் வரவழைத்து விநியோகித்தது. அதற்கு முன்புவரை இவர்களைக் கண்டு ஒதுங்கியவர்களும் வரிசையில் வந்து நின்றார்கள். உணவு வாங்க வந்தவர்களிடம் பதிவு பற்றியும் பேச்சு நடந்தது. தண்டித்து அடக்க நினைத்த நிர்வாகமே, அமைப்பாளர்களுக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்களை அறிமுகம் செய்துவைத்தது.

தோல்வியையும் கணக்கில் ஏற்றுவது

1964 கோடையில் மிசிசிப்பியில் சுமார் 17,000 கறுப்பின மக்கள் பதிவு செய்ய முயன்றார்கள். ஏற்கப்பட்டவை ஏறக்குறைய 1,600. பத்தில் ஒன்றுகூட இல்லை. இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு.

ஆனால் ஒவ்வொரு மறுப்பும் ஒரு சாட்சியம். போனவர் யார், எந்த நாள், என்ன கேட்டார்கள், என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார்கள் என்று அமைப்பாளர்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ‘கறுப்பர்களுக்கு வாக்கில் ஆர்வம் இல்லை’ என்பதுதான் எதிர்த்தரப்பின் நிரந்தர வாதம். 1963 நவம்பரில் அதற்கு நேரடிப் பதில் கொடுத்தார்கள். தேவாலயங்களிலும் கடைகளிலும் தாங்களே வாக்குப்பெட்டி வைத்து ஒரு மாதிரித் தேர்தல் நடத்தினார்கள். ஏறக்குறைய 80,000 பேர் வாக்களித்தார்கள். சட்டப்படி அந்த வாக்குகளுக்கு மதிப்பில்லை. ஆர்வம் இல்லை என்று மட்டும் அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை.

அலபாமாவின் செல்மா நகரத்தைப் பற்றிப் பேசும்போதும் 1965 மார்ச் 7 அன்று பாலத்தில் நடந்த தாக்குதலிலிருந்துதான் தொடங்குவார்கள். அந்த நகரம் அடங்கிய டல்லஸ் கவுண்டியில் வாக்களிக்கும் வயதுள்ள கறுப்பின மக்கள் சுமார் 15,000 பேர் இருந்தார்கள், பதிவு பெற்றவர்கள் சில நூறு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள்தான் திறந்திருக்கும். அங்கே அமீலியா பாய்ன்டன் போன்ற உள்ளூர்க்காரர்கள் வாக்காளர் சங்கம் ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்திவந்தார்கள். மாணவர் குழு 1963-இல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 7 அன்று முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் வெயிலில் நாள் முழுக்க வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு உணவு கொடுக்கப் போனவர்களை ஷெரிஃபின் ஆட்கள் அடித்துக் கைது செய்தார்கள். கிங் வந்தது இவ்வளவுக்கும் பிறகு, 1965 ஜனவரியில்.

அந்த ஜனவரி 22 அன்று செல்மாவின் கறுப்பின ஆசிரியர்கள் நூறு பேருக்கு மேல் நீதிமன்றத்துக்கு ஊர்வலமாக நடந்தார்கள். முன்னால் சென்ற ஃபிரெடரிக் ரீஸ் வாக்காளர் சங்கத் தலைவர், அவரும் ஆசிரியர்தான். சம்பளம் வெள்ளையர்களின் பள்ளி வாரியத்திடமிருந்து வருவதால், என்ன ஆனாலும் இதில் இறங்க மாட்டார்கள் என்று ஊரே நினைத்த கூட்டம் அது. சட்டைப்பையில் பல் துலக்கும் பிரஷ்ஷைச் செருகிக்கொண்டு வந்தார்கள். சிறைக்குப் போகத் தயார் என்று அதற்கு அர்த்தம். அன்று அவர்களைக் கைது செய்யவில்லை. ஆனால் வாத்தியாரே போய்விட்டார், இனி நமக்கென்ன என்று மற்றத் தொழில்காரர்கள் ஒவ்வொரு கூட்டமாக ஊர்வலம் போக ஆரம்பித்தார்கள்.

நீதிமன்ற வழியும் இதே நேரத்தில் நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு வழக்குக்குப் பதிவு ஏடுகளை அலச 6,000 மணி நேர உழைப்பு வரை தேவைப்பட்டதாக உச்ச நீதிமன்றமே பின்னர் குறிப்பிட்டது. ஒரு விதியை ரத்து செய்தால் உள்ளூர்க்காரர்கள் இன்னொன்றை எழுதிவிடுவார்கள். அதனால் கவுண்டி கவுண்டியாக வழக்குப் போட்டால் இது முடியாது என்பதும் நிரூபணமானது.

1965 சட்டம் என்ன செய்தது

1965 ஆகஸ்ட் 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. பாகுபாட்டு வரலாறு உள்ள பகுதிகளில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது, தேவைப்பட்ட இடங்களுக்கு மத்திய அரசின் பதிவு அதிகாரிகளை அனுப்பியது. மூன்றாவது அம்சம் முன் அனுமதி: அந்தப் பகுதிகள் தங்கள் தேர்தல் விதி எதையும் மாற்றுவதற்கு முன்பே வாஷிங்டனிடம் ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை பாதிக்கப்பட்டவர்தான் பாகுபாடு நடந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. இனி விதியை மாற்றுகிறவர்தான் பாகுபாடு இல்லை என்று காட்ட வேண்டும்.

மிசிசிப்பியில் பதிவு பெற்ற கறுப்பின மக்களின் பங்கு 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 சதவீதமாக உயர்ந்தது. சட்டம் கதவைத் திறந்தவுடன் உள்ளே போக, தயாரான ஆட்கள் ஊர் ஊராக ஏற்கெனவே இருந்தார்கள்.

வேறு சமூகங்களும் இதே வழியைப் பிடித்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் வில்லி வெலாஸ்கெஸ் 1974-இல் மெக்சிகோ வம்சாவளி மக்களுக்கான வாக்காளர் பதிவு அமைப்பை நிறுவினார். மறு ஆண்டு சட்டம் விரிவடைந்து, ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் கணிசமாக உள்ள பகுதிகளில் அவர்கள் மொழியிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்றானது.

2013-க்குப் பிறகு

2013 ஜூன் 25 அன்று ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில், எந்தப் பகுதிகளுக்கு முன் அனுமதி தேவை என்று தீர்மானிக்கும் சூத்திரத்தை ரத்து செய்தது. சூத்திரம் இல்லாததால் முன் அனுமதியும் செயலிழந்தது. தடைபட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டம் இனி நடைமுறைக்கு வரும் என்று டெக்சாஸ் அன்றைக்கே அறிவித்தது. துப்பாக்கி உரிமத்தைக் காட்டி வாக்களிக்கலாம், கல்லூரி மாணவர் அட்டையைக் காட்டி வாக்களிக்க முடியாது என்பது அந்தச் சட்டம். அடையாள அட்டை கேட்பதே அநியாயமா என்றால் இல்லை, பல நாடுகளில் கேட்கிறார்கள். எந்த அட்டை செல்லும், அதை யாரால் எளிதாக வாங்க முடியும் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

வட டக்கோட்டாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வாக்களிக்கக் காட்டும் அடையாள அட்டையில் தெருவோடு கூடிய வீட்டு முகவரி இருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் விதித்தது. பூர்வகுடிகளின் ஒதுக்கீட்டுப் பகுதிகளில் பல வீடுகளுக்குத் தெருப்பெயரே கிடையாது, தபால் வீட்டுக்கு வராது, அஞ்சல் பெட்டி எண்தான் முகவரி. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. தேர்தலுக்கு ஒரு மாதம்கூட இல்லை. பழங்குடி நிர்வாகங்கள் வீடுகளுக்கு முகவரி குறித்து இலவசமாகப் புதிய அட்டை கொடுக்க ஆரம்பித்தன. டர்ட்டில் மவுண்டன் பகுதியில் கூட்டம் தாங்காமல் அட்டை அச்சிடும் இயந்திரமே சூடேறிப்போனது. மாநிலத்தோடு சமரச உடன்பாடு ஏற்பட்டது 2020-இல்தான், ஆனால் 2018 நவம்பரில் வாக்களித்தவர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஃபுளோரிடா கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே கடுங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர், தண்டனை முடித்த பிறகும் வாக்குரிமையைத் தானாகத் திரும்பப் பெற 2018 வரை முடியாமல் இருந்தது. டெஸ்மண்ட் மீட் சிறைக்குப் போய்வந்தவர், வீடில்லாமல் இருந்தவர், பிறகு சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். அவருடைய மனைவி தேர்தலில் நின்றபோது அவருக்கே வாக்களிக்க முடியாத நிலையில் இருந்தார். அவரும் அவரைப்போன்றவர்களும் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்துவதற்கான மனுவோடு வீதி வீதியாகப் போனார்கள். மனு வாக்கெடுப்புக்கு வரவே 7,66,200 கையெழுத்து தேவை. அரசியல் பேசாமல், கடன் அடைத்தவனுக்குக் கணக்கைத் தீர்த்துவிட வேண்டாமா என்று மட்டும் கேட்டார்கள். 2018 நவம்பரில் 60 சதவீதம் தேவைப்பட்ட இடத்தில் ஏறக்குறைய 64.5 சதவீத மக்கள் ஆதரித்தார்கள். சுமார் 14 லட்சம் பேருக்கு உரிமை திரும்பும் என்று கணக்கிட்டார்கள்.

மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் ஒரு நிபந்தனை சேர்த்தது. நீதிமன்ற அபராதம், கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம். 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. மீட்டின் அமைப்பு நிதி திரட்டி மற்றவர்களின் அபராதத்தைக் கட்டத் தொடங்கியது, பெரிய நன்கொடைகளும் வந்தன. ஆனால் யார் எவ்வளவு பாக்கி என்று பார்ப்பதற்கு மாநிலத்தில் ஒரே பட்டியல் இருக்கவில்லை. 67 கவுண்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஏடுகள், சில வழக்குகள் பல பத்தாண்டுப் பழையவை. பணம் கையில் இருந்தும், எவ்வளவு கட்ட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒவ்வொருவருக்காகவும் யாராவது உட்கார்ந்து அந்த ஏடுகளைப் புரட்ட வேண்டியிருந்தது.